கலெக்டர்ஸ் எடிஷனில் ஒரு நெசவாளர்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஃப்ளோரன்ஸ் அடுத்த வீட்டு சூர்யகலாவைக் கூப்பிட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக நம்பாதவள் அவள். இன்று உட்கார வைத்துக் காட்டாவிட்டால் வேறு என்றைக்குக் காட்டுவது?

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஒரு படக் கம்பெனி ஆரணிக்கு வந்து, ஃப்ளோரன்ஸ் வீட்டுத் தறியிலேயே பதினோரு நாள் படம் பிடித்தது. கதாநாயகி நெசவுக்காரப் பெண்ணாம். அந்தம்மா ஊடை இழையை ஓட்டும் நாடாவைத் தட்டினால் அது பாதி வழியில் போய்ப் படுத்துக்கொண்டது. இழை அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியாமல் அந்தம்மா மேக்கப்காரரைத் திரும்பிப் பார்த்தது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, ஃப்ளோரன்ஸுக்கு அதே புடவையைக் கட்டி உட்கார வைத்துக் கைகளை மட்டும் எடுத்தார். படத்தில் நாலு நிமிடம் நெய்வது ஃப்ளோரன்ஸின் கைகள். ஊரில் யார் நம்புகிறார்கள்?

"ஆமாமா, பாட்டு கூட நீதான பாடுன" என்பாள் சூர்யகலா.

வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போன படம் இப்போது காவியமாகிவிட்டது. சென்னையில் ஒரு கம்பெனி அதை ப்ளூ-ரேயில் கலெக்டர்ஸ் எடிஷனாகப் போடுகிறோம் என்றது. போன வருடம் அங்கிருந்து உதயா என்கிறவன் கேமராவோடு வந்து, ஃப்ளோரன்ஸிடம் இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தான்.

"பேரோட வரும் ஆன்ட்டி. இதுல ஸ்பெஷல் ஃபீச்சரே நீங்கதான்."

அந்த வார்த்தையை நம்பி அவள் ஒரு வருடம் காத்திருந்தாள். அவளுக்கென்று ஒரு பிரதி அனுப்பக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. புருஷன் கிளமெண்ட்தான் செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கினான். செய்யாறு கம்பெனியில் கூட வேலை செய்கிறவரிடம் பிளேயரையும் இரவல் கேட்டுக் கொண்டுவந்தான்.

பெட்டி என்னவோ செருப்புப் பெட்டி பருமன். உள்ளே எட்டாக மடித்த போஸ்டர், மடிப்பு சரியாகக் கதாநாயகன் மூக்கில். ஒரு புத்தகம், அதில் பாதி விளம்பரம். அப்புறம் கண்ணாடித்தாள் உறையில் விரலகலத் துணி ஒன்று. 'அசல் ஆரணிப் பட்டு' என்று அதற்கு ஒரு சான்றிதழ் வேறு, கையெழுத்தோடு.

ஃப்ளோரன்ஸ் துணியைத் தொட்டதுமே முகத்தைச் சுளித்தாள். ஓர் இழையை உருவி நெருப்புக்குச்சியில் காட்டினாள். பட்டு எரிந்தால் மயிர் கருகின வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, கறுப்பாக உருண்டு கொண்டது.

"பாலிஸ்டர்!" என்றாள். "ஆரணிக்காரிக்கே பாலிஸ்டர அனுப்பிக்கிறானுங்க, த்தூ!"

"வுடும்மே, படத்தப் பாக்கலாம்" என்றான் கிளமெண்ட்.

படத்தைப் புதுப்பித்திருக்கிறார்களாம். எல்லார் முகமும் மெழுகு பூசியதுபோல வழவழத்தது. அவள் நெய்த கிளிப்பச்சைப் புடவை, எந்தச் சாயக்காரனும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டாத ஒரு நீலமாகியிருந்தது. சரி, தொலையட்டும். அவளுக்கு வேண்டியது பேட்டி.

பேட்டி வந்தது. பதினோரு விநாடி. ஃப்ளோரன்ஸ் வாயசைக்கிறாள், குரல் இல்லை, மேலே புல்லாங்குழல் ஓடுகிறது. கீழே எழுத்து: 'ஆரணி நெசவாளர் ஒருவர்'. உடனே சோபாவில் சாய்ந்தபடி கதாநாயகி வந்தாள். "மூணே நாள்ல கத்துக்கிட்டேன். டூப் வேண்டாம்னு டைரக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன். அது என் சொந்தக் கைதான்" என்று விரல்களை விரித்துக் காட்டினாள்.

சூர்யகலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் கேலி பண்ணியிருந்தால் கூடத் தேவலை. ஃப்ளோரன்ஸுக்கு அவமானத்தில் காது எரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை நாமே கனவு கண்டோமோ என்று கூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டாள், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவள் தறியில் இருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். சூர்யகலா ஊசி வாங்க வந்து வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ஆன்ட்டி, உதயா பேசறேன். பெட்டி செம ஹிட்டு! ரெண்டாவது எடிஷன் போடறோம். மேடம் தறி நெய்யற மாதிரி ஒரு புரோமோ எடுக்கணும், ஞாயித்துக்கெழம வந்துருங்க."

"நான் எதுக்கு?"

"கைக்குத்தான் ஆன்ட்டி. மேடத்துக்கு நெய்ய வராதே, உங்களுக்குத் தெரியாததா? அன்னிக்கி மாதிரியே முகம் வேணாம். கை மட்டும் போதும்."

"மூணே நாள்ல கத்துக்கினாங்கோன்னு போட்டுக்கிறீங்களே?"

"அது சும்மா ஆன்ட்டி, பப்ளிசிட்டிக்கு."

"அப்டியா? அப்போ ஞாயித்துக்கெழமையும் அந்தம்மா சொந்தக் கையாலயே நெய்யட்டும். நான் ஃபேக்டரில போட்ட பாலிஸ்டர் இல்ல தம்பி, தேவப்பட்டப்போ வெட்டி ஒட்டிக்கறதுக்கு. வை போன."

வாசலில் இருந்த சூர்யகலா ஊசியை மறந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அய்ய, அப்போ மெய்யாலுமே அது உன் கைதானா?"

இந்த ஒரு கேள்விக்காக இருபத்திரண்டு வருடம் பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள் ஃப்ளோரன்ஸ். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று இருந்தவள். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. தறியிலிருந்த புடவையில் கண்ணீர் விழுந்தால் கறையாகிவிடும் என்று முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நெய்துகொண்டே அழுதாள்.