மாடு தின்ற கூரை

போன வாரம் மருமகள் பீங்கான் தட்டுகள் வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்ததும், உடையாமலிருக்கத் திணித்திருந்த வைக்கோல் கூடமெல்லாம் சிதறியது. அவள் அதைக் கூட்டி அள்ளிக் குப்பைக்குக் கொண்டு போனாள். "அம்புட்டையுமா கொட்டப் போற?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். தட்டைப் பாராமல் வைக்கோலுக்குப் பதறுகிற மாமியாரைக் கண்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அந்த வைக்கோல் வாடை என்னை எங்கே கொண்டு போய்விட்டது என்று அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரி ஊரில் வாழ்க்கைப்பட்டேன். ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வீட்டில் நானும் அவரும், ஒரு ஜோடி உழவு மாடும்தான். புரட்டாசி பிறந்ததும் அடைமழைக்கு வீட்டைச் சுற்றி ஒழுங்கு பண்ணுவோம். மண்சுவர் கரையாமலிருக்க அதன் தலையில் பனையோலை சாத்துவோம். வைக்கோல் படப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவோம். வறட்டியை அள்ளி அடுக்களைக்குள் அடுக்குவோம். அந்த வருடம் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. முற்றத்தைச் சரளை போட்டு மேடாக்கி, சாணி மெழுகி, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு அழகா வச்சிருக்கியே, மழை பார்த்துட்டு மலைச்சுப் போயித் திரும்பிரப் போகுது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஐப்பசி முழுக்க வானம் வெளுத்தே கிடந்தது. கார்த்திகையில் ஒருநாள் தூறியது. வெட்டிய வாய்க்காலில் ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை; கோழிகள் அதில் படுத்துப் புழுதி குளித்தன. மார்கழியில் பனி மட்டும் கொட்டியது. அதற்குள் மாடு தின்றே படப்பு கரைந்து, அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது.

ஊரில் பாதிப்பேர் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். அவர் ஓட்டவில்லை. "மழை பேஞ்சா எதை வச்சு உழுகுறது?" என்பார். பேசிக்கொண்டே ஒருநாள் ஏணியைச் சாத்தித் தொழுவத்துக் கூரையைப் பிடுங்கினார். வரகு வைக்கோல். புதுசாக இருந்தாலே மாடு யோசித்துத்தான் தின்னும். இதுவோ மூன்று வருடத்துப் பழசு. மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. நான் அதை அலசி, உப்புத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தேன். தின்றன. தொழுவம் பத்து நாளைக்கு வந்தது. பிறகு அடுக்களை. பிறகு நாங்கள் படுக்கிற வீடு. புகையேறிய வைக்கோலை அலசினால் தண்ணீர் கருப்பாக வடியும். அந்த வாடை என் கையைவிட்டு வெகுநாள் போகவில்லை.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். தாய் தகப்பன் இல்லாத எனக்கு அண்ணன்தான் பிறந்த வீடு. வண்டியூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் அவருக்கு வயல் இருந்தது. பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெறும் மூங்கில் வரிச்சு. அதற்கு மேலே வெயில்.

"என்ன தாயி, கூரையைக் காணோம்?"

"மாடு தின்னுருச்சுண்ணே."

சொல்லிவிட்டு நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை. ஒரு மாடு முந்தின நாள்தான் விழுந்து செத்திருந்தது. மற்றது முற்றத்தில் கால் மடக்கிக் கிடந்தது. அண்ணன் என் கையைப் பிடித்தார். "கிளம்பு. மாப்ள, நீங்களும் வாங்க."

"செத்தாலும் மாட்டோடதான் மச்சான்" என்றார் அவர்.

"அண்ணே, வண்டியில அதை ஏத்துங்க" என்றேன்.

"பைத்தியமா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். எனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்கு ரெண்டு நாள்கூட இல்ல."

நாலு பேர் சேர்ந்து மாட்டைத் தூக்கி ஏற்றினார்கள். எனக்காக விரித்து வந்த ஜமுக்காளத்தில் அது படுத்துப் போயிற்று. அதற்குமேல் வண்டியில் எனக்கு இடமில்லை; எனக்குத் துணையாக அவரும் நின்றுகொண்டார். எனக்காக வந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கூட்டிப் போவதாகச் சொன்ன அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். வரிச்சில் சேலையைக் கட்டி, அதன் கீழே மாசிப் பனியில் மகளைப் பெற்றேன். அவளுக்கு இந்த வயதிலும் மார்கழி வந்தால் மூச்சு இழுக்கும். ஒருநாளும் அவள் என்னைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் அந்த மாதத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை.

சித்திரையில் கோடை மழை வந்தது. வீட்டுக்குள்ளேயே நின்று நனைந்தோம். ஆடியில் மாடு தேறித் திரும்பியது. அவர் அதற்கு ஒரு சோடி தேடி உழுதார். அதன் பிறகு சாகும்வரை, கூரை வேயும்போதெல்லாம் இரண்டு பங்கு கனமாகத்தான் வேய்ந்தார். ஏன் இம்புட்டு என்று வேய்கிறவர்கள் கேட்டால், "மேல இருக்கது மழைக்கு, கீழ இருக்கது மாட்டுக்கு" என்பார்.

அவரும் போய்விட்டார். அந்த மாட்டுக்குப் பின் வந்த மாடுகளும் போய்விட்டன. முற்றம் இருந்த இடத்தில் யாரோ கடை கட்டியிருக்கிறார்கள். மழை பொய்த்த வருடங்களில் படுத்தபடியே அண்ணாந்து பார்ப்பேன். சிமெண்டுக் கூரை, ஒழுகாது, பறக்காது. ஆனால் பசித்த ஒரு வாய்க்குக் கொடுக்க அதில் ஒரு பிடியும் இல்லை.