மாமனார் நிறுத்தச் சொன்ன இடங்கள்

துவாக்குடியில் ரோட்டோரம் நின்றிருந்த அந்த லாரிக்கு மொத்தம் எத்தனை சக்கரம் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் மேல் ஒரு வீட்டளவு இரும்பு உருளையை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். அப்போது ஆறு வயதாயிருந்த என் மகள் அறுபத்து நான்கு வரை எண்ணிவிட்டு, எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். டிரைவரிடம் காரை நிறுத்தச் சொன்னவர் என் மாமனார். "தம்பி, ஓரங்கட்டு. பிள்ளை பாக்கட்டும். நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வர்றேன்." ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். வந்தவர் லாரிக்காரரிடம், இது எந்த ஊருக்குப் போகிறது, வளைவில் எப்படித் திருப்புவீர்கள் என்று விசாரித்தார். "பாதி ரோட்டை மறிச்சாத்தான் திரும்பும்ங்க ஐயா" என்றார் அவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

மாமனார், மாமியார், மகளோடு பட்டுக்கோட்டையிலிருந்து காலாண்டு லீவுக்கு இரண்டு நாள் பயணம். எங்கே எத்தனை மணிக்கு என்று நான் போனில் பட்டியலே போட்டு வைத்திருந்தேன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையரான என் மாமனார் தனக்கென்று எதுவும் கேட்கிறவர் இல்லை. அந்தத் தடவை மட்டும் கேட்டார். பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஸ்ரீரங்கம் பெருமாளைச் சேவிக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் நானாகச் சேர்த்தவை.

பட்டியல் துவாக்குடியிலேயே படுத்துவிட்டது. அடுத்து பொன்மலைப் பக்கம் திருப்பச் சொன்னார். ரயில்வே பட்டறையில் சங்கு ஊதியதும் சைக்கிளும் பைக்குமாக ஆட்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பிய கூட்டத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். இங்கும் "நீங்க முன்னாடி போங்க" என்று எங்களை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தார். அப்புறம் ஒரு மரக்கடை, அப்புறம் காவிரிப் பாலத்துக்கு முன்னால் ஒரு படித்துறை. மலைக்கோட்டை அன்றைக்கு இல்லை என்றாகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. வயதானால் இப்படியா ஒவ்வொன்றையும் வேடிக்கை பார்க்கத் தோன்றும்?

சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தோம். வரிசை நீளமாக இருந்தது. கம்பித் தடுப்புக்குள் புகுந்துவிட்டால் பாதியில் வெளியே வர வழியில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. வரிசையில் நின்றுகொண்டு மாமியாரிடம் பொரிந்து தள்ளினேன். "ரோட்டுல நிக்கிற லாரியெல்லாம் பாக்கத் தெரியுது, பெருமாளைப் பாக்க முடியலையா அத்தை?" மாமியார் என் காதருகே வந்தார். "அவருக்கு ஒண்ணுக்கு அடக்க முடியலம்மா. அடிக்கடி போவணும், வந்தா தாங்காது. ஒரு வருஷமா இப்படித்தான். மருமக முன்னாடி எப்படி சொல்லுவாரு?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பகல் முழுக்க நாங்கள் பார்த்தவை எல்லாம், நாங்கள் திரும்பிப் பார்க்காமலிருக்க அவர் காட்டியவை. சன்னிதியில் என்ன வேண்டிக்கொண்டேன் என்றுகூட நினைவில்லை. வெளியே வந்தபோது எல்லோருடைய செருப்பையும் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பெருமாள் எப்படி இருந்தாரு பாப்பா?" "படுத்திருந்தாரு தாத்தா. காலைத்தான் பாத்தேன்." "முகம்?" "அதுக்குள்ள நகருங்கன்னுட்டாங்க." அவர் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டுவதிலேயே நின்றேன்.

ஊர் திரும்பியதும் கணவரிடம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனோம். வயதான ஆண்கள் பலருக்கும் வருவதுதான், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார் டாக்டர். ஒரு சின்ன ஆபரேஷனில் சரியாயிற்று. ஒரு வருஷம் அந்த மனிதர் பஸ் ஏறவும் கல்யாண வீட்டில் உட்காரவும் எவ்வளவு பயந்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

போன மாதம் மறுபடி ஸ்ரீரங்கம் போனோம். இப்போது மகளுக்குப் பத்து வயது. தாத்தாவும் பேத்தியும் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, திருவடியிலிருந்து திருமுகம் வரை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பும்போது கல்லணை ரோட்டைப் பிடித்தோம். அறுவடையான வயலில் ஆயிரக்கணக்கில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. "தம்பி, ஓரங்கட்டு" என்றார் மாமனார். பழைய பயத்தில் நான் சட்டென்று இறங்கி, மகளின் தோளைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினேன். "வா பாப்பா, நாம முன்னாடி போவோம்."

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏம்மா, எங்க ஓடுறீங்க? இந்தத் தடவை நெசமாவே வாத்து பாக்கத்தான்."