எட்டாம் நம்பர் படகின் தளம்

டில்லியில் நான் பிறந்ததிலிருந்து சுமக்கும் பட்டம் ‘மதராஸி’. அதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு இலவச இணைப்பாக வரும் அனுமானங்கள்தான் எரிச்சல். மதராஸி என்றால் கணக்கில் புலி, மதராஸி என்றால் மூன்று வேளையும் இட்லி, மதராஸி என்றால் கடலோரத்தில் பிறந்தவன். என் அப்பா தர்மபுரிக்காரர். நான் பிறந்தது கரோல் பாக்கில், ஒரு வாடகை வீட்டு மாடியில். கடலை முதன்முதலாகப் பார்த்தது இருபத்தெட்டு வயதில், பெண் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனபோது. நீச்சல் இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அரசாங்கம் எட்டுப் படகுகளை ஒப்படைத்திருந்தது. யமுனைக் கரையில், வெள்ளக் காலத்துக்கு வேண்டிய சாமான்களை வைத்திருக்கும் கிடங்கு ஒன்றுக்கு நான் பொறுப்பாளன். கயிறு, மண் மூட்டை, டார்ச், மிதவைச் சட்டை, இவற்றோடு எட்டு ஃபைபர் படகுகள். மழைக்காலம் வந்தால் படகுக்கு ஒருவர் என்று எட்டுப் படகோட்டிகளைத் தற்காலிகமாக எடுப்போம். அவர்களுக்கு எங்கள் ஏட்டில் தனியாக இடம் கிடையாது. படகின் எண்ணுக்கு எதிரே அவர்கள் பெயர் இருக்கும், அவ்வளவுதான். படகு போனால் அந்த வரியும் போகும், ஆளும் போவார்.

அந்த டிசம்பரில் ஆண்டு ஆய்வுக்கு வந்த இளம் பொறியாளர் எட்டாம் நம்பர் படகில் ஏறினார். மோட்டார் பக்கமாக இரண்டு எட்டு வைத்ததும் அவர் வலது கால் கணுக்கால்வரை தளத்துக்குள் போய்விட்டது. காலை உருவினார், ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. சிரிக்கக் கூடாது என்று நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அவர் சிரிக்கவில்லை. “இதைக் கழிச்சுக் கட்டிடுங்க” என்றார்.

எட்டாம் நம்பரின் படகோட்டி அங்கேதான் நின்றிருந்தார். இரும்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர், என் வயதுதான் இருக்கும். பதினோரு மழைக்காலமாக அந்தப் படகை ஓட்டியவர். வேலை இல்லாத நாளிலும் கிடங்குக்கு வந்து டீ குடித்துவிட்டுப் படகைத் துடைத்துவிட்டுப் போவார். அவர் பொறியாளரின் ஷூவை எடுத்து, தன் துண்டால் துடைத்து, அவர் காலடியில் வைத்தார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. போன வருஷம் வெள்ளம் வடிந்ததும் ஒரு புது ஜெனரேட்டர் வந்து இறங்கியது. அதை மூட வேறு எதுவும் கைக்குக் கிடைக்காமல், எட்டாம் நம்பர் மேலிருந்த தார்ப்பாயை உருவியவன் நான்தான். அதற்கப்புறம் பெய்த மழையெல்லாம் படகுக்குள் தேங்கி நின்றது. இருக்கைகளுக்கு அடித்திருந்த திருகாணிகளின் ஓட்டை வழியாகத் தண்ணீர் தளத்துப் பலகைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

“சார், இதை இங்கேயே சரி பண்ணிடலாம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“யார் பண்றது?”

“நான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, “அச்சா! நீங்க மதராஸி இல்ல? கடல்காரங்க. உங்களுக்குத் தெரியாததா?” என்றார். ஜனவரிக் கடைசியில் குழு வரும், பத்து ஆட்கள் ஏறிக் குதிப்பார்கள், தாங்கினால் படகு தப்பும், இல்லாவிட்டால் அன்றைக்கே கழிவு என்று முடித்தார்.

அந்த இடத்தில் ‘நான் தர்மபுரிக்காரன், சார்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது, அதுதான் உண்மை.

மறுநாளே தளத்தை அறுத்தோம். ஓரத்தில் இரண்டு விரற்கடை விட்டு உள்ளே சுற்றி அறுக்க வேண்டும் என்று தூத்துக்குடியிலிருந்து போனில் சொன்னவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி, அங்கே ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை. படகோட்டி அறுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். பலகை டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. அடியில் மிதப்புக்காக அடைத்திருந்த நுரைப்பஞ்சு ஒரு குளத்தையே குடித்திருந்தது. அள்ளி அள்ளிப் போட்டதில் கிடங்கு வாசல் முழுக்க நாற்றம். நீளவாக்கில் ஓடிய மூன்று கட்டைகளில் நடுக்கட்டை மட்டும் உளுத்திருந்தது. மற்ற இரண்டையும் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, “பக்கா” என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

பிறகு காய வைத்தோம். டிசம்பர் கடைசியில் டில்லியில் எதைக் காய வைப்பது? பதினொரு மணிக்கு மேல் மனசு இருந்தால் வெயில் வரும். அந்த ஒரு மணி நேர வெயிலுக்காக நாங்கள் படகைக் கிடங்கு வாசலில் மேற்கும் கிழக்குமாகத் தள்ளிக்கொண்டே இருந்தோம். நடுவில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, தளத்தின் அளவுக்கு அச்சு வெட்டினோம். அதை வைத்துப் புதுப் பலகையையும் நடுக்கட்டையையும் அறுத்தோம்.

“பாபுஜி, உங்க ஊர்ல இதெல்லாம் தினமும் நடக்கற வேலையா?” என்று அவர் கேட்டார்.

“ஆமாமா” என்றேன். வெட்கமே இல்லாமல்.

ரெசின் என்ற பிசினைப் பூசும் நாள் வந்தது. ரெசினில் ஹார்டனர் என்ற மருந்தைக் கலந்து, பலகையின் மேல் கண்ணாடி நார் விரிப்பைப் போட்டு, அது ஊற ஊறப் பூச வேண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து கல்லாகிவிடும். மச்சினன் கணக்குச் சொல்லியிருந்தான். “ஒரு கிலோவுக்கு ஒரு மூடி, அத்தான். அதுக்கு மேல ஊத்தாதீங்க. பத்து நிமிசத்துல கட்டிரும், பாத்துக்கிடுங்க. பிரஷ்ஷ எடுத்தா ஓட்டமா ஓடணும்.”

ஓடினோம். நாங்கள் இருவரும் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைப் போலீஸ் துரத்தினால்கூட யாரும் ஓடமாட்டார்கள். பனிமூட்டத்தில் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியவில்லை, வாயிலிருந்து புகை, கையில் பிரஷ். “ஜல்தி, ஜல்தி” என்று நான் கத்த, அவர் பூச, விரிப்பு சுருங்க, அதை நான் இழுக்க, ஒருவழியாக முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. மத்தியானம் ஆயிற்று. தொட்டால் விரலோடு வந்தது. மறுநாளும் அப்படியே, அல்வா பதம். மூன்றாம் நாள் ஒரு குருவி வந்து உட்கார்ந்து, காலைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

மச்சினனைக் கூப்பிட்டால், “ஹார்டனர் பழசா இருக்கும், இன்னும் அரை மூடி ஊத்திப் பாருங்க” என்றான். ஒரு தகர மூடியில் தனியாகக் கலந்து பார்த்தேன். அதுவும் அல்வாதான். குழு வருவதற்கு எட்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் என் வீராப்பெல்லாம் இறங்கியது. படகோட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் அப்பா ஊரில் கடலே கிடையாது, நீந்தத் தெரியாது, தார்ப்பாயை எடுத்ததும் நான்தான், உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று.

தார்ப்பாய் என்றதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “நீச்சல் தெரியாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் பாபுஜி. கரையில நிக்கற படகுல ஏறும்போதே கண்ணை மூடிக்குவீங்களே” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபோதும் ரெசின் காயவில்லை.

சாயங்காலம் மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டருக்கு வந்து, மனைவியிடம் புலம்பினேன். அவள் தரையில் உட்கார்ந்து, மறுநாளைக்கு அரைத்த மாவுப் பாத்திரத்தை ஒரு பழைய ரஜாய்க்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். ரஜாய் என்றால் இங்கே குளிருக்குப் போர்த்தும் பஞ்சு மெத்தைப் போர்வை. ஜனவரியில் டில்லித் தமிழர் வீடுகளில் மனிதர்களுக்கு முன்னால் மாவுக்குத்தான் ரஜாய். இல்லாவிட்டால் இரண்டு நாள் ஆனாலும் பொங்காது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஏங்க, என் தம்பி அங்க பனியனோட வேர்த்து வடிஞ்சிக்கிட்டுச் சொல்லுதான். நீங்க இங்க மப்ளரக் கட்டிக்கிட்டுக் கேக்கீங்க. ரெண்டு பேருக்கும் புத்தி எங்க போச்சு?”

“அதுக்கு என்ன பண்றது?”

“மாவு பொங்கலன்னா நான் என்ன இன்னும் ரெண்டு படி உளுந்தையா அள்ளிப் போடுதேன்? போத்தில்ல வைக்கேன்! அதுக்குச் சூடு வேணுங்க. மருந்து இல்ல.”

அரசுத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கும், பட்டறையில் இருபது படகு கட்டியவனுக்கும் தோன்றாத விஷயம். கோபம்கூட வந்தது, இதை அவள் நாலு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று. நான் நாலு நாள் முன்னால் கேட்டிருந்தால்தானே.

ஞாயிற்றுக்கிழமை அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். எங்கள் ரஜாய் இரண்டு, பக்கத்துப் பஞ்சாபி வீட்டில் வாங்கியது இரண்டு. படகோட்டி மூங்கிலை வளைத்துப் படகுக்குமேல் கூடு கட்டினார். அதன்மேல் தார்ப்பாய், அதற்குமேல் ரஜாய்கள். உள்ளே, துணியில் படாமல் கம்பியில் கட்டி, பந்தலுக்குப் போடும் பெரிய விளக்குகள் நாலு. ரெசின் வாடை தீப்பிடிக்கும் என்பதால் இரண்டு முனையிலும் திறப்பு விட்டு, பக்கத்தில் மணல் வாளியை வைத்துக்கொண்டு அவர் காவல் உட்கார்ந்தார். ஆற்றங்கரைக்கு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். “படகுக்குக் காய்ச்சலா?” என்று ஒருவர் கேட்டார். “பிரசவம்” என்றாள் என் மனைவி, இந்தியில், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மறுநாள் மத்தியானம் படகோட்டி கூட்டுக்குள் கையை விட்டு விரல் முட்டியால் தட்டினார். டக் டக் என்று கேட்டது. இன்னொரு முறை தட்டினார். பிறகு அவர் என்னைத் தட்டச் சொன்னார், நான் என் மனைவிக்குப் போன் போட்டு, போனைத் தளத்தில் வைத்துத் தட்டிக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தப் பதவி உயர்விலும் வந்ததில்லை. அடுத்த நாலு நாளில், அதே சூட்டில் இன்னும் இரண்டு பூச்சு, ஓரங்களுக்குத் தனி விரிப்பு, திருகாணி ஓட்டைகளுக்கு அடைப்பு எல்லாம் முடிந்தது. ரஜாய்களில் ஏறிய ரெசின் வாடை மட்டும் போகவில்லை. பஞ்சாபி வீட்டுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தோம், எங்களுடையதை நாங்களே முகர்ந்துகொண்டு தூங்கினோம்.

குழு வந்தது. கிடங்கு ஆட்கள், டிரைவர்கள், டீக்கடைக்காரர் என்று பத்துப் பேரை ஏற்றிக் குதிக்கச் சொன்னார்கள். குதித்தார்கள். தளம் அசையவில்லை. பொறியாளர் இந்தமுறை ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, மோட்டார் பக்கம் நின்று பார்த்தார். “நான்தான் சொன்னேனே, கடல்காரங்க!” என்று மற்றவர்களிடம் பெருமைப்பட்டார்.

“நான் இல்லை சார், என் வீட்டுக்காரி” என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எட்டாம் நம்பருக்கு எதிரே இருந்த வரி அப்படியே நின்றது.

அவர்கள் போன பிறகு படகைத் தண்ணீரில் இறக்கினோம். கறுப்புத் தண்ணீர், அதன்மேல் சோப்பு நுரை, அதற்குமேல் எங்கிருந்தோ வந்த வெள்ளைப் பறவைகள். நான் கரையில் நின்றேன். படகோட்டி ஏறி, முன்பக்கத்திலிருந்து மோட்டாரை நோக்கிப் போனார். நேராகப் போகவில்லை. இடது ஓரத்தில் ஒரு எட்டு, அங்கிருந்து தாண்டி இருக்கையின்மேல் ஒரு கால், பிறகு வலது ஓரம்.

“ஏன் அப்படி நடக்கறீங்க?” என்று கேட்டேன்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். தான் அப்படி நடந்ததே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. காலை நீட்டி மூன்று இடங்களைக் காட்டினார். “இங்க, அங்க, அப்புறம் மோட்டார் பக்கம் பூரா. மூணு வருஷமா மெத்துன்னு இருந்தது பாபுஜி. கால் வெக்கறதே இல்ல.”

“மூணு வருஷமாவா? நான் தார்ப்பாயை எடுக்கறதுக்கு முன்னாலயேவா? ஏன் சொல்லலை?”

“சொன்னா நீங்க ஏட்டுல எழுதுவீங்க.”

எழுதியிருப்பேன். அன்றைக்கே, சிவப்பு மையில், அழகான கையெழுத்தில் எழுதியிருப்பேன். வெட்கமாக இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, வெள்ளத்தில் அப்படி ஒரு தளத்தில் ஜனங்களை ஏற்றியிருக்கிறாரே என்று.

“யாரையும் பின்னால விட்டதில்ல” என்றார் அவர், நான் கேட்காமலே. “முன்னால மட்டும்தான் உட்கார வெப்பேன். ஆறு பேர். போன தடவை ஒரு வீட்டு மொட்டை மாடியில ஒன்பது பேர் இருந்தாங்க. பின்னால இடம் காலியாத்தான் இருந்தது. மூணு பேரை விட்டுட்டு வந்தேன். திரும்பிப் போறவரைக்கும் அவங்க அங்கேயே நின்னு என்னையே பார்த்துட்டு இருந்தாங்க.”

“மிதிங்க” என்றேன். “அந்த இடத்துல, நடுவுல மிதிங்க.”

அவர் மோட்டார் பக்கம் திரும்பி, வலது காலை வைத்தார். பிறகு இடது காலை. முழு எடையையும் போட்டு நின்றார். படகு கொஞ்சம் ஆடி அடங்கியது. காலுக்கடியில் பார்த்துக்கொண்டே, வாய்க்குள் எண்ணினார்.

“இனிமே ஒன்பது பேரும் ஒரே நடையில வந்துடலாம்” என்றார்.