வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு ஸ்கூல் டிரிப்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆறு பிள்ளைகளை வேனில் ஏற்றி, எங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டேன்.

அச்சுப் பிழை இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் சைனிக்புரி வீட்டைத் தெரியும். இரண்டு தம்பிகள், அவர்கள் மனைவிமார், ஆளுக்கு மூன்றாக ஆறு பிள்ளைகள், கல்யாணம் செய்துகொள்ளாத நான். எங்கள் பழைய வெள்ளை வேனையும் தெரியும். காலையில் பிள்ளைகளை மல்காஜ்கிரியில் உள்ள பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் பிற்பகலில் அழைத்து வருவதும் என் வேலை. டை, ஐ.டி. கார்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சரிபார்க்காமல் சாவியைத் திருப்ப மாட்டேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'அத்தை செக்போஸ்ட்'.

பெரியவன் விக்கி ஒன்பதாவது படிக்கிறான். இந்தத் தெலுங்கு ஊரில் ஒன்பதாவது என்றால் தெரியுமல்லவா? பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் ஐ.ஐ.டி. கோச்சிங். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டான். அவன் அம்மா உமா எழுப்பவில்லை. ஈரத் துணியால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "போதும்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆறு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைப்பது, பரீட்சையை ஓபன் ஸ்கூலில் எழுத வைப்பது என்று முடிவானது. நானும் கை தூக்கினேன். மனதாரத்தான் தூக்கினேன். தூங்கி விழும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வேறென்ன செய்வது?

பிறகு பாடங்களைப் பிரித்தார்கள். கணக்கு உமாவுக்கு. சயின்ஸ் அவள் கணவன், என் பெரிய தம்பி செந்திலுக்கு. சின்னத் தம்பியும் அவன் மனைவியும் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்? பரீட்சைக்குத் தேவையில்லையாம். நீ சொல்லித்தருகிறாயா என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் செந்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, உனக்கு இனிமே காலைல ரெஸ்ட். அந்த டிராஃபிக்ல நீ பட்டது போதும்."

"ஹவ், ஆமா அண்ணி, நிம்மதியா தூங்குங்க" என்றாள் உமா.

அன்பாகத்தான் சொன்னார்கள். அதில்தான் சிக்கல்... கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

தூக்கம் வேண்டும் என்று நான் யாரிடம் கேட்டேன்? வீட்டில் அந்த ஆறு பேரும் அவரவர் அப்பா அம்மாவின் பிள்ளைகள். வேனில் ஏறிக் கதவைச் சாத்தினால் மட்டும் என் பிள்ளைகள். யார் யாரோடு பேசுவதில்லை, யார் ஹோம்வொர்க்கைக் காப்பியடித்தது, எந்த மிஸ்ஸுக்குக் கல்யாணம்... பாதி தெலுங்கிலும் பாதி ஹிந்தியிலுமாக எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் வந்து விழும். வீட்டில் இறங்கியதும் ஓடிவிடுவார்கள். மறுநாள் காலை வரை நான் இன்னொரு பெரியவள், அவ்வளவுதான்.

முதல் திங்கட்கிழமை வழக்கம்போல எழுந்து ஆறு பாட்டில்களிலும் தண்ணீர் பிடித்தேன். ஆறாவதை மூடும்போதுதான் நினைவு வந்தது. மாடி ஹாலில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. உமாவின் குரல், நாற்காலி இழுபடும் சத்தம், ஒரு சிரிப்பு. பதினோரு பேர் இருக்கும் வீடு. கீழே நான் மட்டும்.

பெட்ரோல் போடலாம் என்று வேனை எடுத்தேன். போட்டேன். அப்புறம் வண்டி எப்படித்தான் மல்காஜ்கிரிப் பக்கம் திரும்பியதோ... பள்ளி வாசலில் போய் நிற்கிறேன். வாட்ச்மேன் வழக்கம்போல ஓடிவந்து பின்கதவைத் திறந்துவிட்டு, காலியான சீட்டுகளைப் பார்த்தார். "பில்லலு ஏரி, அம்மா?" என்றார். பிள்ளைகள் எங்கே?

"லீவு" என்றேன்.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. வாசகர்களாகிய உங்களிடம் சொல்வதோடு சரி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, கடைக்குட்டி சாரு ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றாம் வகுப்பு. மேலே வரச் சொன்னால் 'நக்கோ', வேண்டாம் என்கிறாள்.

"ஸ்கூலுக்குப் போகணும்."

"இதுதான்டி ஸ்கூல்" என்றாள் உமா.

"ஸ்கூல்னா போகணும் கதா, இல்லையா? போகாம எப்படி ஸ்கூல்?"

உமா என்னைப் பார்த்தாள். "அண்ணி, ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்களேன்."

நான் சாவியோடுதான் நின்றிருந்தேன் என்பதை அவள் கவனித்தாளா, தெரியவில்லை.

சாரு ஏறினாள். அதைப் பார்த்து அடுத்தவள் ஏறினாள். பிறகு மூவர். கடைசியாக விக்கி, "கைக்கு அத்தை, எதுக்கு இந்த டிராமா?" என்று முனகியபடியே வந்து, ஜன்னலோரமாக அவன் இடத்தில் உட்கார்ந்தான். பாட்டில்களைச் சரிபார்த்தேன். டை இல்லாதது ஒன்றுதான் குறை.

காலனித் தெருக்களில் மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினேன். திருப்பம் வந்த இடத்திலெல்லாம் திரும்பினேன். பின்னால் சண்டை தொடங்கியது. விக்கி ஒரு ஜோக் சொன்னான். அவன் ஜோக் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

எங்கள் தெரு வந்தே தீர்ந்தது. உமா கேட்டைத் திறந்து, மிஸ் மாதிரி கைகட்டி நின்றாள். பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். நானும் வண்டியைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

சாரு திரும்பி, கையை நீட்டித் தடுத்தாள். "அத்தை, டிராப் பண்றவங்க உள்ள வரக்கூடாது. பை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆறு பையும் மாடிப்படி ஏறி மறைந்தன. உமா கேட்டைச் சாத்திவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

முன்பெல்லாம் பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். இப்போது எங்கே திரும்புவது? வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். மாடியில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் நன்றாகவே கேட்டது.

பிக்கப் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. பரவாயில்லை... நான் எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்கிறவள்தான்.