வரி குறையக் காத்திருந்த கண்ணாடி

இருநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக என் மாமனாரைப் பதினோரு நாள் அரைகுறைப் பார்வையோடு உட்கார வைத்தவன் நான். இதை எழுதும்போது அவருடைய பழைய மூக்குக் கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது. வலது பக்கத்தில் வில்லையே இல்லை, இடது பக்கத்தில் குறுக்கே விரிசல். என்னையே பார்ப்பதுபோல் இருப்பதால் திருப்பி வைத்திருக்கிறேன்.

மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எங்களோடு இருக்க வந்தவர் மாமா. குளியலறை வாசலில் கண்ணாடி விழுந்து உடைந்ததுமே கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிவிட்டார். நான்தான் தடுத்தேன். கண்ணாடிக்கு ஜிஎஸ்டி குறைய இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. "மாப்ள சொன்னாச் சரிதானுங்க" என்று சட்டையைக் கழற்றினார். மாப்பிள்ளை பேச்சை மறுப்பது எங்கள் பக்கத்து மாமனார்களுக்கு வழக்கமில்லை. அந்த மரியாதையின் தயவில்தான் நான் இத்தனை வருடமாக அறிவாளியாக இருந்து வருகிறேன்.

பிராயச்சித்தமாகத் தினமும் காலையில் அவருக்குப் பேப்பர் வாசித்தேன். தலையங்கம், உலக அரசியல், புத்தக மதிப்புரை என்று ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளம்பரம் ஏதாச்சும் போட்டிருக்கறானுங்களா மாப்ள?" என்பார். "அதெல்லாம் குப்பைங்க மாமா" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

மற்ற நேரமெல்லாம் எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது. நாற்காலி நகர்ந்தால் எழுந்து ஓடுவேன். எட்டாம் நாள், அட்டையைத் தடவிப் பார்த்தே ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து, சர்க்கரை மாத்திரையை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டுவிட்டார். டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு சர்க்கரை இறங்கி வேர்க்கிறதா என்று மதியம் வரை அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்த்தது எனக்குத்தான். மனைவி கதவோரம் நின்று கேட்டாள்: "ஏனுங்க, எங்கப்பனுக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா, ஆஸ்பத்திரிக்கும் வரி கொறைஞ்சப்பறம்தான் கூட்டிட்டுப் போவீங்களா?"

அப்போதாவது கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அன்றே வாங்கினால் பட்ட எட்டு நாள் பாடும் வீண் என்று தோன்றியது. மாத்திரைப் பெட்டியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிச்ச மூன்று நாளையும் பயந்தபடியே ஓட்டினேன்.

வரி குறைந்த அன்று ஆர்.எஸ்.புரம் கண்ணாடிக் கடை திறக்குமுன்பே வாசலில் போய் நின்றோம். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, "வரி கொறைஞ்சிருச்சுங்க சார். ஆனா எங்க தள்ளுபடி நேத்தோட முடிஞ்சுதுங்க. நேத்து வந்திருந்தா இன்னும் நானூறு ரூவா கம்மி" என்றார். மாலையில் கண்ணாடி தயாரானதும் மாமா அதை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் பேப்பரோடு மாமாவிடம் போனேன். புதுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த உடைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன வாரப் பேப்பரை விரித்து வைத்திருந்தார். அந்தக் கடையின் தள்ளுபடி பற்றி முழுப் பக்க விளம்பரம்.

"எழுத்து இத்தாச்சோடு இருக்குதுங்க மாப்ள" என்று கையை விரித்து அளவு காட்டினார். "பேப்பரை எங்கிட்டக் குடுத்திருந்தா, ஒடஞ்ச கண்ணாடியிலயே படிச்சுப்போட்டிருப்பேனுங்க."