சுவரின் காலடி மணல்

எங்கள் கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை, மணல் இருக்கிறது. நல்ல மணல். சலிக்காமலே பூச்சு வேலைக்கு ஆகும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடை எங்கள் கொல்லையை ஒட்டித்தான் திரும்புகிறது. வருடத்தில் பாதிக்கு மேல் அதில் ஆடு மேயும். ஐப்பசியில் மலையில் மழை பிடித்தால் அரை நாளில் கரை முட்டிவிடும். திருப்பத்தில் தண்ணீர் வந்து மோதுகிற பக்கம் எங்களுடையது. வருடத்துக்கு ஒரு முழம், இரண்டு முழம் என்று கரை சரிந்து சரிந்து, கடைசியில் ஓடைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான் மிஞ்சியது. எங்கள் மரவள்ளிக்கும் வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். அது போனால் எல்லாம் போயிற்று. அதனால்தான் கருங்கல்லில் தடுப்புச் சுவர் கட்டினோம்.

சின்னசேலத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். வேலை தெரிந்தவர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஓடையின் தரையிலிருந்து மூன்றடிக்குக் கடைக்கால் தோண்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் கல்லை ஏற்றினார்.

"கல்லு வந்துச்சு, சிமெண்ட் வந்துச்சு. மணலுக்கு இன்னாங்க பண்றது?" என்று கேட்டார்.

"கண்ணெதிர இவ்ளோ கெடக்குது, இத்த வுட்டுட்டு வேற எங்க போயி அலையறது?" என்றேன்.

அவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மொத சரக்குங்க" என்றார். சுமக்கிற தூரம் குறைவு என்று சுவரின் காலடியிலேயே அள்ளினோம். அனுமதியில்லாமல் ஓடையில் மணல் எடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் சுவருக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீக்கடையில் இதையே கெட்டிக்காரத்தனமாகச் சொல்லித் திரிந்தேன். கேட்ட சொந்தக்காரர்கள் வீடு கட்ட மணல் வேண்டுமென்று டிராக்டரோடு வந்தார்கள். பெரிய மனுஷன் மாதிரி அவர்களுக்கும் தலையாட்டினேன்.

முதல் மழைக்குச் சுவர் அசையவில்லை. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், மண்ணுக்குள் புதைந்திருந்த கடைக்கால் கான்கிரீட் ஒரு படி மாதிரி வெளியே தெரிந்தது. அன்றைக்கே நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை, சந்தோஷப்பட்டேன். என் மனைவி துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து அந்தப் படியில் துவைக்க ஆரம்பித்தாள். "பாத்தியா, உனுக்குத் தொவைக்கிற கல்லும் சேத்துப் போட்டுக் குடுத்துட்டேன்" என்று இளித்தேன். ஓடைத் தரை இறங்கிவிட்டது என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை.

அடுத்த மழை முடிந்தபோது அந்தப் படி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருந்தது. கீழே குட்டையாகத் தண்ணீர் நின்றது. ஒரு நாள் துவைத்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இந்தப் படிக்கு அடில காலு உள்ள போவுது. எவ்ளோ வுட்டாலும் மண்ணு தட்டல."

"சுவத்தப் பாருடி. எங்கனா ஒரு கீறல் இருக்குதா? இருந்தா சொல்லு" என்று எரிந்து விழுந்தேன்.

கீறல் இல்லை. அவளும் மறுபடி துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.

மூன்றாம் வருடம் மலையில் விடாமல் மழை. மத்தியானம் இரண்டு பேரும் கிணற்றோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் வெடிக்கவில்லை, கல் உதிரவில்லை. தூக்கத்தில் கட்டிலிலிருந்து புரளுகிறவனைப் போல முழுசாக முன்பக்கம் சாய்ந்து ஓடைக்குள் குப்புற விழுந்தது. பின்னாலேயே கரை போனது. கரையோடு கிணற்றின் ஒரு பக்கக் கட்டும் சரிந்தது. அந்த வழியாக ஓடை உள்ளே கொட்டியதை, இருந்த இடத்திலிருந்து அசையாமல் பார்த்தோம். தண்ணீர் வடிந்தபோது கிணற்றில் முக்கால்வாசி மணல். மோட்டாரும் அதற்குள்தான்.

கேள்விப்பட்டு மேஸ்திரி வந்தார். விழுந்து கிடந்த சுவரைத் தட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா, ஒரு கல்லு பேரல! மணலு அப்படிங்க" என்றார். அவரைப் பிடித்துக் கிணற்றில் தள்ளலாமா என்று இருந்தது.

பிறகு வெள்ளச் சேதம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினார்.

"சுவத்துல ஒரு குறையும் இல்லீங்க. அது நிக்கறதுக்குத்தான் அடில ஒண்ணுமில்ல. இங்க மணல் அள்ளுனது யாரு?"

"யார் யாரோ டிராக்டரோட வராங்க சார். நாம இன்னான்னு கேக்கறது?" என்றேன்.

என் மனைவி அதுவரை அடுத்தவர் முன்னால் என் பேச்சை மறுத்ததே இல்லை.

"பொய்ங்க. மொத மொத அள்ளுனது இவுருதான். அடில ஓட்டை இருக்குதுன்னு தெரிஞ்சும் நான் அது மேலயே தொவச்சிகினு இருந்தேன்."

அதிகாரி எங்கள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனார். நிவாரணம் என்று எதுவும் வரவில்லை. ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்காக அவள்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மரவள்ளி காய்ந்துவிட்டது. அவள் ரோட்டுத் தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறாள். மீதி நேரத்தில் இரண்டு பேரும் கிணற்றைத் தூர் வாருகிறோம். மேலே குவிந்த மணலைக் கேட்டு மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார். வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் கூடையை என் கையில் கொடுத்தாள். "எடுத்த எடத்துலயே கொட்டுங்க" என்றாள்.

அடுத்த மழைக்கு ஒரு பிடிகூட அங்கே நிற்காது. அது அவளுக்கும் தெரியும். கூடை கூடையாகக் கொண்டுபோய், சுவர் நின்ற இடத்துப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். சுமக்கிற தூரம் குறைவுதான்.