குட்டை முடியில் நிற்காத பின்னல்

கடைவீதி அவனுக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. முடிவெட்டுகிறவன் என்றால் ஊர்க்கதை பேசிச் சிரிக்க வேண்டாமா? இவனுக்கோ உதடே அசையாது. கத்தரி மட்டும் பேசும். அதற்காகவே ஆட்கள் வந்தார்கள்.

மனைவிக்குத்தான் அந்த முகம் நெஞ்சில் தைத்த முள். கல்யாணப் போட்டோவிலேயே அவன் சிரிக்கவில்லை. 'பிடிக்காமல்தான் கட்டிக்கொண்டான்' என்று அன்றே முடிவுகட்டி, பத்து வருடமாக அந்த முடிவோடுதான் குடும்பம் நடத்தினாள். போதாக்குறைக்கு மகளும் அப்பனை உரித்துவைத்துப் பிறந்திருந்தாள்.

"சிரிச்சா முத்து உதிர்ந்துடுமாடி? அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு!"

காலையில் பின்னல் போடும்போதெல்லாம் தலையில் ஒரு குட்டு.

சில காலமாக அவனுடைய வலதுகை தோளுக்குமேல் எழவில்லை. யாரிடமும் சொல்லாமல் கடை நாற்காலியின் கால்களைக் கொஞ்சம் அறுத்தான். பிறகு இன்னும் கொஞ்சம்.

"என்னப்பா, அடுத்த தடவை பாயில படுக்க வச்சு வெட்டுவியா?" என்றார் எதிர்க்கடை தையல்காரர், முழங்கால் நெஞ்சில் இடிக்க.

"நீங்கதான் வளர்ந்துட்டீங்கண்ணே."

கடையே சிரித்தது, அவனைத் தவிர. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் கை தொய்ந்து, சவரக்கத்தி தையல்காரரின் காதோரம் கீறிவிட்டது. அவர் ரத்தத்தைத் துடைத்தபடி அவனை உற்றுப் பார்த்தார். "டாக்டர் வேண்டியது எனக்கில்லடா, உனக்கு."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மனைவியும் கூடவே போனாள். வீட்டில் விட ஆளில்லாததால் மகளும்.

"கண்ணை இறுக்கி மூடுங்க. இப்ப விசிலடிங்க" என்றார் டாக்டரம்மா.

மூடிய பிறகும் அவன் இமைகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. உதட்டிலிருந்து வெறும் காற்று வந்தது.

"சிரிக்கிற தசைக்கே இவருக்குப் பலமில்லம்மா. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும்."

மனைவி அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருடம்! அத்தனை நாளும் அந்த மனிதன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தானா?

"ஏதாவது கெட்ட மரபணுவா டாக்டர்?" என்று கேட்டான் அவன்.

"மரபணுல குத்தம் இல்ல. அது எல்லார்கிட்டயும் இருக்கு, ஆனா தூங்கிட்டே இருக்கணும். அது இருக்கிற இடத்துல டி.என்.ஏ. இழை புரதத்தோட சேர்ந்து இறுக்கமா சுருண்டு கிடக்கும். குரோமாட்டின்னு பேரு. அந்த இறுக்கம்தான் தாலாட்டு. அங்க ஒரே மாதிரி துண்டுங்க வரிசையா வரும். உங்களுக்கு அந்த வரிசை குட்டையா இருக்கு. அதனால கட்டு தளர்ந்து, தூங்க வேண்டியது தசையில முழிச்சுக்கிச்சு. முழிச்சா தசையைத் தின்னுடும்."

அவன் மகளின் பின்னலைப் பார்த்தான். "குட்டை முடியில பின்னல் நிக்காது. அவிழ்ந்துடும்."

"அதேதான்."

அப்போது அறையின் மூலையிலிருந்து "ஃபூ... ஃபூ..." என்று சத்தம் கேட்டது. மகள் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கும் காத்துதான் வருது!" என்றாள், பரிசு வாங்கியவளைப் போல.

டாக்டரம்மா மெல்லச் சொன்னார். "பிள்ளைக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் பார்த்தாதான் தெரியும்."

பார்த்தார்கள். தெரிந்தது. மகளுக்கும் அந்த வரிசை குட்டைதான். விழித்ததை மறுபடி தூங்க வைக்க இன்னும் மருந்து வரவில்லை என்றார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல் மகள் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். அம்மா முடியை மூன்றாகப் பிரித்தாள். குட்டு விழவில்லை. வாசற்படியில் செருப்பை மாட்டியவன் அப்படியே நின்றான்.

"அம்மா, நான் இப்ப சிரிக்கிறேன். தெரியுதா?"

கண்ணாடியில் அந்த உதடு நேர்கோடாகவே இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு நேர்கோடு.

"தெரியுதுடி கண்ணு. ரெண்டு பேரும் சிரிக்கிறது தெரியுது."

சொல்லிவிட்டுப் பின்னலை இறுக்கினாள். அவிழ்ந்தே போகாதபடி இறுக்கினாள்.

"வலிக்குதும்மா" என்றாள் குழந்தை. அதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை.